முயலின் வயிறு நிற்கக் கூடாது

இந்த மாதப் பாடம்: வீட்டு முயலுக்குத் தீனி, செரிமானம், சுத்தம்



ஆடு, மாடு, கோழி வளர்ப்பு நமக்குப் புதிதல்ல. ஆனால் முயல் அப்படி இல்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று சந்தையில் ஒன்றோ இரண்டோ வாங்கி வந்துவிடுகிறோம். இட்லி, பிஸ்கட், கேரட் என்று கையில் கிடைத்ததைப் போடுகிறோம். முயலும் தின்கிறது. பிறகு ஒரு நாள், "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, காலையில பாத்தா செத்துக் கிடக்குது" என்று சொல்கிறோம். பிள்ளை அழுகிறது. கண் பட்டுவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம்.

கண் பட்டதல்ல காரணம். பெரும்பாலும் வயிறுதான் காரணம். முயல் பயந்த பிராணி. நாய், பருந்து, பூனைக்கு இரையாகும் பிராணி. அதனால் உடம்பு சரியில்லை என்றாலும் கடைசி வரை வெளியே காட்டிக்கொள்ளாது. நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்தப் பாடம். இதற்கு அதிகச் செலவு கிடையாது. கவனம்தான் தேவை.

1. முயலின் வயிறு எப்படி வேலை செய்கிறது?

நம் குழுவில் சேமிப்புப் பணம் கடனாகப் போய், வட்டியோடு திரும்பி வந்து, மறுபடி அடுத்தவருக்குக் கடனாகப் போகிறது. பணம் சுழலும் வரை குழு உயிரோடு இருக்கும். சுழற்சி நின்றால் குழுவும் நின்றுவிடும். முயலின் வயிறும் அப்படித்தான். உள்ளே தீனி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஆபத்து.

மாடு, ஆட்டுக்கு நான்கு அறை கொண்ட வயிறு உண்டு. தின்றதை மேலே கொண்டுவந்து அசை போடும். முயலுக்கு ஒரே வயிறு. அசை போடாது, வாந்தி எடுக்கவும் முடியாது. தப்பானதைத் தின்றுவிட்டால் அது குடல் வழியாகப் போய்த்தான் ஆக வேண்டும். குடலின் நடுவில் குருட்டுக்குடல் என்று ஒரு பெரிய பை இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் தயிருக்கு உறை ஊற்றிப் புளிக்க வைப்பது போல, அவை தீனியைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன.

இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்க வேண்டியது நார்ச்சத்து. புல்லில் உள்ள நார்தான் குடலைத் தள்ளிவிட்டு ஓட வைக்கிறது. நார் குறைந்து மாவும் சர்க்கரையும் கூடினால் குடல் ஓட்டம் மந்தமாகும். நல்ல நுண்ணுயிர் குறைந்து கெட்ட நுண்ணுயிர் பெருகும். வாயு கட்டும், வலி வரும். வலி வந்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு ஒரே நாளில் உயிர் போய்விடும்.

பல்லும் இதோடு சேர்ந்ததுதான். முயலின் முன்பல், கடைவாய்ப்பல் எல்லாமே வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத் தின்றால்தான் தேயும். மெத்தென்ற தீனியே கிடைத்தால் பல் நீண்டு, கோணி, நாக்கையும் கன்னத்தையும் குத்தும். பசி இருந்தும் தின்ன முடியாமல் முயல் பட்டினி கிடக்கும். வாயிலிருந்து எச்சில் வடிந்து தாடை எப்போதும் ஈரமாக இருந்தால் பல்லைக் காட்டிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

2. புழுக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

"அக்கா, எங்க முயல் அதோட புழுக்கையையே குனிஞ்சு தின்னுது. அசிங்கமா இருக்கு. அடிச்சு விரட்டட்டுமா?"

"அடிக்காதே தங்கச்சி. அது முயலோட மருந்து."

முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும்.

கெட்டிப் புழுக்கை: உருண்டையாக, காய்ந்து, பழுப்பு நிறத்தில் இருக்கும். உடைத்தால் உள்ளே புல் நார் தெரியும். நாற்றம் இருக்காது. ஒரு முயல் நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் போடும். இதைத்தான் நாம் கூட்டித் தள்ளுகிறோம்.

மென்புழுக்கை: சின்னத் திராட்சைக் கொத்து போல ஒட்டிக்கொண்டு, கருமையாக, பளபளப்பாக, வாடையோடு இருக்கும். குருட்டுக்குடலில் புளித்துத் தயாரான சத்து இதில்தான் இருக்கிறது. புரதமும் பி வைட்டமினும் நிறைந்தது. முயல் ஓய்வாக இருக்கும்போது குனிந்து ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து விழுங்கிவிடும். ஆரோக்கியமான முயல் இதைக் கீழே விடாது.

எனவே தினமும் காலையில் கூண்டைக் கூட்டும்போது கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

• பெரிய, ஒரே அளவான கெட்டிப் புழுக்கை நிறைய இருக்கிறதா? வயிறு நன்றாக ஓடுகிறது.
• புழுக்கை சிறுத்து, கறுத்து, எண்ணிக்கை குறைந்திருக்கிறதா? ஓட்டம் குறைகிறது. அன்றே கவனியுங்கள்.
• புழுக்கைகள் முடியால் மாலை போலக் கோத்திருக்கிறதா? முடி அதிகமாக உதிர்கிறது. வாரிவிடுங்கள், புல்லைக் கூட்டுங்கள்.
• மென்புழுக்கை தின்னப்படாமல் நசுங்கிக் கிடக்கிறதா? தீவனமோ இனிப்போ அதிகமாகிவிட்டது. அதைக் குறையுங்கள். முயல் பருத்துப் போய்க் குனிய முடியாவிட்டாலும் இப்படி நடக்கும்.
• தண்ணீராகக் கழிகிறதா? இது அவசரம். அதுவும் குட்டி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.
• புழுக்கையே இல்லையா? இதுவும் அவசரம்.

குழுவில் வரவு செலவுப் பதிவேடு எப்படியோ, முயலுக்குப் புழுக்கை அப்படி. அதைப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

3. என்ன தீனி? எவ்வளவு?

இங்கே சொல்லும் அளவு 2 கிலோ எடையுள்ள வளர்ந்த முயல் ஒன்றுக்கு.

புல்: இதற்கு அளவே கிடையாது. இரவும் பகலும் கூண்டில் இருக்க வேண்டும். தீனியில் 100க்கு 80 பங்குக்கு மேல் புல்லாகவே இருக்கட்டும். அருகம்புல், வரப்புப் புல், கம்பு நேப்பியர் புல் எல்லாம் ஏற்றவை. நேப்பியரின் தடித்த தண்டை நறுக்கிப் போடுங்கள். மழைக்காலத்தில் புல் கிடைக்காது என்பதால் வெயில் நாளிலேயே அறுத்து, நிழலில் உலர்த்தி, கட்டிவைத்துக்கொள்ளுங்கள். வைக்கோலில் சத்து குறைவு. படுக்கையாகப் போடலாம், கொறித்தால் தவறில்லை. ஆனால் வைக்கோலை மட்டுமே நம்பி வளர்க்க முடியாது.

தழை: நாள் ஒன்றுக்கு 2 கைப்பிடி. கொத்தமல்லித் தழை, புதினா, முள்ளங்கி இலை, கேரட் இலை, கல்யாண முருங்கை இலை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். வேலிமசால், குதிரைமசால், முயல்மசால், அகத்தி ஆகியவை புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்தவை. குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நல்லது. வளர்ந்த முயலுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவு போதும். "முயல்மசால்னு பேரே இருக்கே" என்று அதையே முழுத் தீனியாக்க வேண்டாம். மிஞ்சிய சுண்ணாம்புச் சத்தை முயல் சிறுநீரில்தான் வெளியேற்றும். அது அதிகமானால் சிறுநீர்ப்பையில் மாவு போலப் படியும், கல்லும் உண்டாகும்.

கடைத் தீவனம்: முயலுக்கென்றே விற்கும் குச்சித் தீவனம் ஒரு கிலோ எடைக்கு 25 கிராம். அதாவது 2 கிலோ முயலுக்கு நாள் ஒன்றுக்கு 50 கிராமுக்கு மிகாமல், இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். கோழித் தீவனம், மாட்டுத் தீவனம் போடக் கூடாது. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு விஷம். அதைத் தூரக் கொட்டிவிடுங்கள்.

கேரட், பழம்: படத்தில் முயல் கையில் எப்போதும் கேரட் இருக்கும். உண்மையில் அது இனிப்புப் பண்டம். விரல் நுனி அளவுத் துண்டு, வாரத்துக்கு இரண்டு முறை போதும். வாழைப்பழமும் ஆப்பிளும் அப்படியே.

முயல் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் சுறுசுறுப்பாகத் தின்னும். எனவே பெரிய பங்கு புல்லை மாலையில் போடுங்கள். இரவில் கூண்டு காலியாகக் கிடக்கக் கூடாது.

4. போடக் கூடாதவை

• சோறு, இட்லி, ரொட்டி, பிஸ்கட், மிக்சர், சாக்லேட், பால். பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.
• வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு முளை, தக்காளி இலை.
• அரளி, ஊமத்தை, எருக்கு, உண்ணிச்செடி, பார்த்தீனியம்.
• இளம் சோளப் பயிர், மரவள்ளி இலை. இவற்றில் மாட்டையே கொல்லும் நஞ்சு உண்டு. முயல் எம்மாத்திரம்?
• சவுண்டல் இலையை அதிகம் போட்டால் முடி கொட்டும். தவிர்ப்பது நல்லது.
• பூச்சி மருந்து அடித்த வயலின் வரப்புப் புல், சாக்கடை ஓரப் புல்.
• குவித்து வைத்துச் சூடேறிய புல், அழுகிய கீரை, சந்தையில் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலை.

மழையில் நனைந்த புல்லை உதறி, நிழலில் பரப்பி, ஈரம் போன பிறகு போடுங்கள்.

5. தீனியை மாற்றும்போது

குருட்டுக்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் பழகிய தீனிக்குத்தான் வேலை செய்யும். திடீரென்று மாற்றினால் தடுமாறிப் போகும். புதுத் தீனியை முதல் நாள் ஒரு பிடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 7 முதல் 10 நாளில் முழுதாக மாற்றுங்கள். குட்டி வாங்கும்போது 6 வாரம் ஆனதா என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் தாயைப் பிரிந்த குட்டிக்குக் குடல் பக்குவப்பட்டிருக்காது. விற்பவரிடம், "இதுவரைக்கும் என்ன தீனி போட்டீங்க?" என்று கேட்டு, முதல் வாரம் அதையே போடுங்கள்.

6. தண்ணீரும் வெயிலும்

"முயலுக்குத் தண்ணி காட்டக் கூடாது, வயிறு ஊதிடும்" என்று ஊரில் சொல்வார்கள். இது தவறு. 2 கிலோ முயலுக்கு நாள் ஒன்றுக்கு 100 முதல் 300 மில்லி தண்ணீர் தேவை. காய்ந்த புல் தின்றாலும், வெயில் காலத்திலும் இன்னும் கூடும். தண்ணீர் இல்லாவிட்டால் உள்ளே தீனி இறுகி வயிறு நின்றுவிடும். கவிழாத மண் சட்டியில் வையுங்கள். காலை, மாலை கழுவி மாற்றுங்கள்.

வீட்டு முயலின் மூதாதை ஐரோப்பாவின் குழிமுயல். குளிர் தாங்கும், வெயில் தாங்காது. தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி மையத்தில் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற முயல் இனங்களைப் பராமரிக்கிறார்கள். அந்தக் குளிர் எங்கே, நம்ம ஊர் சித்திரை வெயில் எங்கே! வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறும். அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். வெயிலில் திணறும் முயல் தின்னாது. அப்போதும் வயிறுதான் நிற்கும்.

கூண்டை மரத்தடியிலோ ஓலைக் கூரையின் கீழோ காற்றோட்டமாக வையுங்கள். தகரக் கூரை வேண்டாம். மதிய நேரம் ஈரச் சாக்கைக் கூண்டின் ஒரு பக்கம் தொங்கவிடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், காதை ஈரத் துணியால் துடையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது, அதிர்ச்சியிலேயே இறந்துவிடும்.

7. சுத்தம்

சுத்தம் வெறும் நாற்றத்துக்காக அல்ல. காக்சிடியா என்ற ஒட்டுண்ணிதான் குட்டிகளை அதிகம் கொல்கிறது. இதன் முட்டை புழுக்கையோடு வெளியே வரும். வந்த உடனே தொற்றாது. ஈரத்திலும் சூட்டிலும் ஒன்றிரண்டு நாள் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் கூட்டித் தள்ளிவிட்டால் நோய் வரும் வழியே அடைபட்டுவிடும். தினமும் கூட்டச் சொல்வது இதற்காகத்தான். சாதாரணக் கிருமிநாசினிக்கு இந்த முட்டை சாகாது. கொதிநீருக்கும் நல்ல வெயிலுக்கும்தான் சாகும்.

தினமும்: புழுக்கை, ஈரப் படுக்கை, மிச்சத் தழை எல்லாவற்றையும் அகற்றுங்கள். புல்லைத் தரையில் போடாமல் கூண்டின் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். சிறுநீர் பட்ட புல்லை முயல் தின்னக் கூடாது.

வாரம் ஒரு முறை: முயலை வேறிடத்தில் விட்டுவிட்டு, கூண்டைத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவிடுங்கள். வெள்ளையாகப் படிந்த சிறுநீர்க் கறைக்கு வினிகர் ஊற்றி ஊறவைத்தால் கரைந்து வரும். சிறுநீர் நெடி கண்ணை எரித்தால் முயலின் மூக்கையும் நுரையீரலையும் அது கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வாரம் ஒரு முறை முயலையும் பாருங்கள்: காதுக்குள்ளும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் பொருக்கு இருந்தால் சொறி. மருத்துவர் ஊசி போட்டால் குணமாகும். மனிதருக்கும் அரிப்பு வரலாம் என்பதால் கையைக் கழுவுங்கள். கம்பி வலைத் தரை என்றால் பாதத்தில் புண் வரும். ஒரு ஓரம் பலகை போடுங்கள். பின்பக்கம் அழுக்கு ஒட்டியிருந்தால் ஈ முட்டை வைத்து ஒரே நாளில் புழு வைத்துவிடும். அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் துடைத்து உலர்த்துங்கள். முழுதாகக் குளிப்பாட்ட வேண்டாம். காதைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம். ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்னங்காலின் கீழும் கொடுத்துத் தூக்குங்கள்.

கூட்டிய புழுக்கையை வீணாக்காதீர்கள். மக்கவைத்துக் கீரைப் பாத்திக்கும் பூச்செடிக்கும் போடலாம்.

8. அவசரம் என்று எப்போது சொல்வது?

இதில் ஒன்று இருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

• 12 மணி நேரமாகத் தின்னவில்லை அல்லது புழுக்கை போடவில்லை.
• உடம்பைக் குறுக்கி மூலையில் உட்கார்ந்து, பல்லை நறநறவென்று கடிக்கிறது.
• வயிறு மத்தளம் போல உப்பி இறுகியிருக்கிறது.
• காது சில்லென்று இருக்கிறது.
• தண்ணீராகக் கழிகிறது.

போகும் வரை கொத்தமல்லித் தழையும் தண்ணீரும் முன்னால் வையுங்கள். உடம்பு சில்லிட்டிருந்தால் துணியில் சுற்றிச் சூடு கொடுங்கள். வயிறு உப்பியிருக்கும்போது வாயில் எதையும் புகட்டாதீர்கள். கடைசியாகப் போட்ட புழுக்கையைத் தாளில் மடித்து எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு உதவும். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

கை வைத்தியம் வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அவை வாய் வழியாகப் போனால் குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, முயலையும் கொன்றுவிடும். நாய்க்கு அடிக்கும் உண்ணி ஸ்பிரேயில் ஃபிப்ரோனில் இருந்தால் அதுவும் முயலுக்கு நஞ்சு. மருந்துக் கடையில் கேட்டு வாங்காமல் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

9. உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

"சிறுநீர் சிவப்பா போகுது, ரத்தமா?"
எப்போதும் ரத்தமாக இருக்காது. தின்ற தழையின் நிறத்தால் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ போகலாம். கலங்கலாக வெள்ளையாகப் போவதும் இயல்பே. ஆனால் முக்கி முக்கிப் போனாலோ, சொட்டுச் சொட்டாகப் போனாலோ, ரெண்டு நாளில் நிறம் மாறாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

"கடைத் தீவனம் வாங்க வசதி இல்லீங்க. முயல் வளர்க்க முடியாதா?"
தாராளமாக முடியும். நல்ல புல்லும் பலவகைத் தழையும் இருந்தால் வளர்ந்த முயல் தீவனம் இல்லாமலே நன்றாக இருக்கும். தீவனம் இருந்து புல் இல்லாவிட்டால்தான் முயல் பிழைக்காது.

"காட்டுல பிடிச்ச முயல் குட்டியை வளர்க்கலாமா?"
கூடாது. காட்டு முயல் வேறு இனம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ன்படி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பார்த்தால் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் குழுவில் யார் வீட்டில் முயல் இருக்கிறது? தினமும் என்ன தீனி போடுகிறார்கள்?
2. நம் ஊரில் முயலுக்கு ஏற்ற புல், தழை எங்கே கிடைக்கிறது? எந்த வயலில் மருந்து அடிக்கிறார்கள்?
3. அருகில் உள்ள கால்நடை மருந்தகம் எது? எந்த நேரம் திறந்திருக்கும்? முயலைப் பார்ப்பார்களா? இதை முன்கூட்டியே கேட்டுக் குழுப் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.
4. பிள்ளைகளுக்கு எந்த வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம்? புழுக்கை பார்க்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். "இன்னைக்கு கம்மியா இருக்கும்மா" என்று பிள்ளை ஓடிவந்து சொன்னால், அந்தச் சொல் ஒரு உயிரைக் காப்பாற்றும்.

நினைவில் வைக்க: எந்நேரமும் புல், எப்போதும் தண்ணீர், தினமும் சுத்தம், காலையில் புழுக்கைக் கணக்கு. இந்த நான்கும் தவறாமல் நடந்தால் முயலின் வயிறு ஓடிக்கொண்டே இருக்கும். முயலும் உங்கள் வாசலில் பல வருடம் ஓடிக்கொண்டிருக்கும்.